படிப் பாசியும் தொட்டிப் பாசியும்

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பது கணக்கு. டிசம்பர் 31 அன்று படித் திருவிழா. படிக்கு ஒரு திருப்புகழ் பாடி, கற்பூரம் ஏற்றி, அடுத்த படிக்கு நகர்வார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்னால், கார்த்திகை மழை ஓய்ந்த கையோடு ஏறிப் பாருங்கள். ஆள் நடக்கும் நடுப்பகுதி தேய்ந்து வழவழவென்று கிடக்கும். கால் படாத ஓரங்களிலும், கல்லும் கல்லும் சேரும் இடுக்குகளிலும், பக்கச்சுவரின் அடியிலும் பச்சை படர்ந்திருக்கும். "பாத்து வாம்மா, பாசி புடிச்சிருக்கு, வழுக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஒரு குடும்பம் இறங்கும். பின்னால் நகரியிலிருந்தோ புத்தூரிலிருந்தோ வந்த இன்னொரு குடும்பம் அதையே தெலுங்கில் சொல்லும். அங்கே அது "பாச்சி". 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மாநில எல்லை எங்கே போனாலும் இந்தச் சொல் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்த அத்தியாயம் அந்தச் சொல்லைப் பற்றியது. என் அக்கா மகனின் மீன்தொட்டியைப் பற்றியதும்கூட.

அக்கா வீடு திருத்தணியில். பையன் பதினொன்றாம் வகுப்பு. இரண்டடித் தொட்டி ஒன்று வைத்திருக்கிறான். சென்னைக்கு வந்தபோது கொளத்தூர் வண்ணமீன் கடைத்தெருவில் ஐந்து சின்ன டப்பாக்கள் வாங்கிப் போனான். மேலே எழுதியிருந்த பெயர்கள்: ஜாவா மாஸ், கிறிஸ்துமஸ் மாஸ், ரிச்சியா, சுஸ்வாசர்டாங், மாஸ் பால். ஆறாவதாக அவனே ஒன்று சேர்த்தான். மலைப்படி ஓரத்தில் நகத்தால் சுரண்டி எடுத்த, காசளவு பச்சைத் துண்டு. அவன் அம்மா எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டாள்: "வீட்டுக்குள்ள எதுக்குடா இத்தன பாசி?"

மூன்று வாரத்தில் படித்துண்டு பழுப்பேறி அழுகிவிட்டது. ஜாவாவும் ரிச்சியாவும் செழித்தன. கிறிஸ்துமஸ் மாஸ் வைத்த இடத்தில் வைத்தபடியே நின்றது. சுஸ்வாசர்டாங் மெல்ல மெல்ல வளர்ந்தது. பந்து ஒரு பக்கம் வெளிறியது. "எல்லாம் பாசிதானே மாமா, ஏன் ஒண்ணொண்ணும் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டான்.

அவன் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. அவை எல்லாம் பாசி என்பது உண்மை. ஆனால் பாசி என்பது ஓர் உயிர்க்குடும்பத்தின் பெயர் அன்று. ஈரத்தில் பச்சையாகப் படரும் எதற்கும் நாம் இட்ட பெயர் அது.

நம் வீட்டுச் சமையலறையிலிருந்தே தொடங்கலாம். பிரியாணிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் போடும் கல்பாசி, ஒரு பூஞ்சையும் நுண்ணிய பச்சை உயிரிகளும் ஒன்றோடொன்று ஒட்டி வாழும் லைக்கன். நோன்புக் காலத்தில் பாலில் காய்ச்சிக் குளிரவைத்து வில்லைபோட்டுச் சாப்பிடும் கடற்பாசி, சிவப்பு ஆல்கா ஒன்றிலிருந்து எடுக்கும் பொருள். ஏரியில் வலையோடு சிக்கிக்கொண்டு வரும் வேலம்பாசி, பூத்துக் காய்க்கும் செடி. குறுந்தொகையின் 399ஆம் பாடலில் பரணர் தலைவியின் பசலைக்கு ஊர்க்கேணியின் பாசியை உவமை சொல்கிறார். கைபட்டால் விலகுகிறது, கை எடுத்தால் வந்து மூடுகிறது. அப்படி விலகி மூட வேண்டுமானால் அது நீரின் மேல் மிதப்பதாக இருக்க வேண்டும். கல்லைப் பற்றிக்கொண்டு நிற்கும் மாஸ் அப்படிச் செய்யாது. பரணர் கண்ட பாசி வேறு, திருத்தணிப் படியில் வழுக்கும் பாசி வேறு.

நம் பள்ளிப் பாடநூல்கள் "பாசி" என்ற சொல்லை ஆல்காவுக்குக் கொடுத்துவிட்டன. மாஸுக்கு மாஸ் என்ற ஆங்கிலச் சொல்லே நின்றுவிட்டது. அதனால்தான் சுவரில் மெத்தென்று வளர்ந்திருப்பதைக் காட்டி "பாசி" என்று சொல்லும் பிள்ளையை ஆசிரியர் திருத்த வேண்டியிருக்கிறது. பிள்ளை சொன்னது தமிழில் சரி, தாவரவியலில் தவறு. எனக்கு இதில் வருத்தம் உண்டு. வாழையிலும் நெல்லிலும் இத்தனை வகைகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்த மொழி, காலடியில் கிடப்பதை ஒரே சொல்லால் கடந்துவிட்டது. ஆங்கிலமும் இதில் பெரிதாகச் சாதித்துவிடவில்லை. அந்த ஐந்து டப்பாக்களையும் கடைக்காரர்கள் "மாஸ்" என்ற ஒரே வரிசையில்தான் அடுக்குகிறார்கள். அவற்றில் இரண்டுதான் மாஸ்.

பந்திலிருந்து பிரித்துப் பார்ப்போம். "மாஸ் பால்" என்று விற்பது ஈகக்ரோபைலா லின்னேயி என்னும் பச்சை ஆல்கா. அதற்குத் தண்டும் இலையும் கிடையாது. கிளைத்த நூலிழைகள்தான் எல்லாத் திசையிலும் வளர்ந்து உருண்டையாகின்றன. ஜப்பானில் மாரிமோ என்று கொண்டாடுகிறார்கள். ஹொக்கைடோ தீவின் அக்கான் ஏரியில் உள்ள மாரிமோவை 1952-ல் சிறப்பு இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். குளிர்ந்த ஏரியின் அடியில் அலை உருட்ட உருட்ட வளர்வது அது. திருத்தணி வெயிலில், அசையாத தொட்டியில், ஒரே பக்கம் கிடந்தால் அந்தப் பக்கம் வெளிறத்தான் செய்யும். உருட்டிவிட வேண்டும், ஜன்னல் வெயில் படாமல் வைக்க வேண்டும். 2021-ல் அமெரிக்கக் கடைகளில் விற்ற மாரிமோப் பந்துகளுக்குள் வரிக்குதிரைச் சிப்பி எனப்படும் அந்நியச் சிப்பி ஒளிந்து வந்தது தெரிந்து, அவற்றைத் திரும்பப் பெற்று அழிக்க வேண்டியதாயிற்று. வாங்கி வந்த எந்தப் பச்சையையும் தொட்டியில் போடுமுன் தனிப் பாத்திரத்தில் சில நாள் வைத்துப் பார்க்கும் பழக்கம் நல்லது. தொட்டித் தண்ணீரைச் சரவணப் பொய்கையிலோ நந்தி ஆற்றிலோ கொட்டாமல் இருப்பது அதைவிட நல்லது.

அடுத்தது சுஸ்வாசர்டாங். இதன் கதை எனக்கு மிகவும் பிடித்தது. பெயர் ஜெர்மன் மொழி. "நன்னீர்க் கடற்பாசி" என்று பொருள். கையில் எடுத்தால் கரும்பச்சை நாடாக்கள், ஓரம் மடிந்து மடிந்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். வேர் இல்லை, தண்டு இல்லை, நரம்பு இல்லை. ஆல்கா என்றார்கள், லிவர்வொர்ட் என்றார்கள். 2009-ல் ஃபே-வே லீ, பெனிட்டோ டான் முதலிய ஆய்வாளர்கள் அதன் பசுங்கணிக மரபணுக்களை மற்றத் தாவரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அது லோமாரியாப்சிஸ் என்னும் பெரணிப் பேரினத்தில் போய் உட்கார்ந்தது.

பெரணியா? ஆம். பெரணிக்கு இரண்டு வாழ்க்கை உண்டு. நாம் காணும் விரிந்த ஓலைகள் ஒரு வாழ்க்கை. அந்த ஓலையின் முதுகிலிருந்து உதிரும் வித்து ஈரமண்ணில் விழுந்தால் பெரணி உடனே முளைப்பதில்லை. விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு பச்சைத் தகடுதான் முதலில் வளரும். பாடநூல் அதைக் கேமீட்டகத் தாவரம் என்கிறது. ஆண் அணுவும் பெண் அணுவும் அங்கேதான் உண்டாகின்றன. அவை சேர்ந்த பிறகே ஓலைப் பெரணி எழும்பும். தகடு தன் வேலையை முடித்துவிட்டு வாடிவிடும். லோமாரியாப்சிஸ் காட்டில் மரத்தைப் பற்றி ஏறும் பெரணி. அதன் தகடு மட்டும் நாடாவாக நீண்டு, கிளைத்து, வாடாமல் வளர்ந்துகொண்டே இருக்கும் இயல்புடையது. தொட்டியில் அது ஓலையாக எழும்புவதே இல்லை. மீன்வளர்ப்போர் கையில் இருப்பது, தன் இரண்டாம் வாழ்க்கையைத் தொடங்காமலே பல்லாண்டு வாழும் ஒரு பெரணி. அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது டப்பாவை எடுத்து வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தான்.

ரிச்சியா ஒரு லிவர்வொர்ட். மாஸுக்குப் பங்காளி முறை. மாஸ், லிவர்வொர்ட், ஹார்ன்வொர்ட் என்னும் மூன்று கிளைகளும் சேர்ந்ததுதான் பிரையோஃபைட்டுக் கூட்டம். நீரைக் கடத்தும் குழாய்த் திசு வளர்ச்சி பெறாத நிலத்தாவரங்கள் இவை. ரிச்சியா ஃப்ளூயிட்டன்ஸுக்கு இலையே கிடையாது. கவைக்கோல்போல் இரண்டிரண்டாகப் பிரிந்து போகும் மெல்லிய நாடா மட்டும்தான். இயல்பில் நீர்ப்பரப்பில் மிதப்பது. ஜப்பானியரான தகாஷி அமானோ அதைக் கல்லோடு வலை வைத்துக் கட்டி நீருக்கடியில் இருத்தினார். நல்ல ஒளியில் அதன் நுனிகளில் உயிர்வளிக் குமிழ்கள் முத்துமுத்தாகக் கோத்து நின்ற அவருடைய படங்கள்தான் உலகமெங்கும் தொட்டித் தோட்டக்கலையைப் பரப்பின. அக்கா மகன் அதைக் கட்டவில்லை, மிதக்கவிட்டிருந்தான். அது செழித்ததற்கு அதுவே காரணம். ஏன் என்பதற்குத் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது வருகிறேன்.

லிவர்வொர்ட்டில் இன்னொன்றும் கடைகளுக்கு வரும். பல ஆண்டுகள் "பெல்லியா" என்ற தவறான பெயரில் விற்றார்கள். ஜெர்மனியில் இருந்த கிராட்ஸ்டைன் என்னும் பிரையோஃபைட்டு அறிஞர் பார்த்து, அது மோனோசொலீனியம் டெனெரம் என்றார். அந்தப் பெயரைச் சூட்டியவர் வில்லியம் கிரிஃபித். 1832-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராகச் சென்னையில் வந்து இறங்கி, அசாமிலும் பர்மாவிலும் அலைந்து செடி சேகரித்து, 1845-ல் மலாக்காவில் முப்பத்தைந்து வயதுகூட நிறையாமல் இறந்தவர். அவருடைய குறிப்புகள் இறந்த பிறகே அச்சாயின. அவர் பெயரிட்ட செடி ஒன்றரை நூற்றாண்டு கழித்து வேறு பெயரில் கண்ணாடித் தொட்டிகளில் உலகம் சுற்றியிருக்கிறது.

இனி மிச்சமிருப்பவை ஜாவாவும் கிறிஸ்துமஸும். இவை உண்மையான மாஸ். இவற்றோடு படித்துண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், அதுவும் மாஸ்தான். அப்படியானால் அது மட்டும் ஏன் அழுகியது?

உலகில் மாஸ் இனங்கள் ஏறக்குறைய 12,000. வளரும் விதத்தை வைத்து அவற்றைப் பெரும்பாலும் இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு வகை குட்டையான தண்டுகளாக நெருக்கமாக நிமிர்ந்து நின்று, மெத்தைபோல் ஆகும். அதன் வித்துப்பை தண்டின் நுனியில் வரும். இன்னொரு வகை தரையோடு படர்ந்து, பக்கக் கிளைகள் விட்டு, வலைபோல் பின்னிக்கொள்ளும். அதன் வித்துப்பை தண்டின் பக்கவாட்டில் முளைக்கும். வித்துப்பை இல்லாதபோதும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். நட்ட நாற்றுப்போல் நின்றால் முதல் வகை, அருகம்புல்போல் ஓடினால் இரண்டாம் வகை.

தமிழகச் சமவெளியில் செங்கல் சுவரிலும் கல்படியிலும் சிமெண்டுத் தொட்டியின் வெளிப்புறத்திலும் காண்பவை பெரும்பாலும் முதல் வகை. அவற்றில் மிகப் பரவலானது ஹயோஃபிலா இன்வொலூட்டா. காய்ந்தால் இலைகள் உள்முகமாகச் சுருண்டுகொள்ளும். பெயரின் இரண்டாம் பகுதிக்குப் பொருள் அதுதான். பங்குனியில் கருத்துச் சுருங்கி, செத்த தூசுபோல் கிடக்கும். கையில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துத் தெளித்துவிட்டு அங்கேயே உட்காருங்கள். சில நிமிடங்களில் இலைகள் நட்சத்திரம்போல் விரிந்து பச்சையாகிவிடும். நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், இன்னும் அலுக்கவில்லை. செல்லுக்குள் இருக்கும் நீர் அத்தனையும் போன பிறகும் உயிரைக் காத்து வைத்திருந்து, நீர் பட்டதும் தொடர்கிறது அது.

அப்படி வாழப் பழகிய உடலுக்குத் தொட்டி ஆகாது. நனைவதும் காய்வதும் மாறி மாறி வருவது அதன் நாள்முறை. எப்போதும் நீருக்குள் இருப்பது அதற்குப் புதிது. காற்றில் கரியமில வாயு இலையை வந்து சேரும் வேகத்தோடு ஒப்பிட்டால், நீரில் அது ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாக ஊர்ந்து வருகிறது. சுவர்ப் பாசி நீருக்குள் போனதும் பட்டினி கிடக்கத் தொடங்குகிறது. தொட்டிக்குப் பழகிய மாஸ்கள் கிட்டத்தட்ட எல்லாமே இரண்டாம் வகை. ஓடைக்கரைப் பாறையிலும், அருவிச் சாரல் படும் வேரிலும், ஆண்டில் பல மாதம் வெள்ளத்தில் மூழ்கிப் பழகியவை. படர்ந்து போகும் தண்டில் எங்கே ஒடிந்தாலும் அந்தத் துண்டு தனிச் செடியாகும். தண்டு நெடுகப் பற்றிழைகள் விட்டுக் கல்லைப் பிடித்துக்கொள்ளும். அந்த இழைகளின் முக்கிய வேலை பிடித்துக்கொள்வதுதான். உணவு உப்புகளையும் வாயுவையும் இலையின் பரப்பே நேராக வாங்கிக்கொள்கிறது. இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் தடிப்பு. அதனால்தான் தொட்டி மாஸை மணலில் புதைக்கக் கூடாது. மரக்கட்டையிலோ கல்லிலோ பருத்தி நூலால் மெல்லியதாகப் பரப்பிக் கட்டினால் போதும். நூல் இற்றுப் போவதற்குள் அது தானே பிடித்துக்கொள்ளும்.

இப்போது பெயர்ச் சிக்கலுக்கு வருவோம். ஜாவா மாஸ்தான் உலகில் அதிகம் பேர் வளர்க்கும் தொட்டி மாஸ். பல பத்தாண்டுகளாக மீன்வளர்ப்பு நூல்கள் எல்லாம் அதற்கு வெசிகுலாரியா டுபியானா என்ற அறிவியல் பெயரைப் போட்டுவந்தன. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்து எழுதினார். இலையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர் குறைவு. சிங்கப்பூரில் 2000-க்குப் பிறகு மாஸ் வளர்ப்பு ஒரு பித்தாகப் பரவியது. ஒவ்வொரு மாதமும் புதுப் பெயரில் புது மாஸ் கடைக்கு வந்தது. அந்த ஆர்வலர்கள் தங்கள் மாதிரிகளை அங்கே தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்த பிலிப்பைன்ஸ் நாட்டு மாஸ் அறிஞர் பெனிட்டோ டானிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சுஸ்வாசர்டாங் ஆய்விலும் பங்கேற்ற அதே டான்தான். ஜாவா மாஸ் என்பது வெசிகுலாரியாவே அன்று, டாக்சிஃபில்லம் பார்பியெரி என்று அவர் காட்டினார். உண்மையான வெசிகுலாரியா டுபியானா, கடைகளில் "சிங்கப்பூர் மாஸ்" என்று விற்ற வேறொன்று. கிறிஸ்துமஸ் மாஸ் வெசிகுலாரியா மான்டேனெயி. நுனி தொங்கும் "வீப்பிங்" மாஸ் வெசிகுலாரியா ஃபெர்ரியெயி. நிமிர்ந்து வளரும் "எரெக்ட்" மாஸ் வெசிகுலாரியா ரெடிகுலாட்டா.

கடைப் பெயர்கள் உருவத்தைச் சொல்கின்றன. தொங்குகிறது, நிமிர்கிறது, முறுக்கிக்கொண்டு தீக்கொழுந்துபோல் ஏறுகிறது, தேவதாரு மரம்போல் முக்கோணமாக விரிகிறது. இந்த உருவமோ ஒளிக்கும் நீருக்கும் ஏற்ப மாறிவிடும். மங்கிய மூலையில் வைத்த கிறிஸ்துமஸ் மாஸ் முக்கோணத்தை இழந்து நூல்நூலாக நீளும். அதே செடியை ஈரக்கல்லில் நீருக்கு வெளியே வளர்த்தால் மூன்றாவது உருவம் எடுக்கும். தொட்டியில் வித்துப்பை வருவதும் அரிது. பூவைப் பார்த்து மரத்தை அறிவதுபோல் வித்துப்பையைப் பார்த்து மாஸை அறியலாம் என்ற வழியும் அங்கே அடைபட்டுப் போகிறது.

மாறாமல் இருப்பது செல்லின் வடிவம். ஓர் இலையைக் கிள்ளி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். வெசிகுலாரியாவின் செல்கள் தேன்கூட்டு அறைகளை லேசாக நீட்டிவிட்டதுபோல் அகன்று, ஆறு மூலையுடன் இருக்கும். "சிறு பை" என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்துதான் அந்தப் பேரினப் பெயர் வந்தது. டாக்சிஃபில்லத்தின் செல்கள் பாயில் வேய்ந்த கோரைபோல் நீண்டு ஒடுங்கி, ஒன்றையொன்று ஒட்டி ஓடும். ஒருமுறை இரண்டையும் அருகருகே பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. இதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை, பள்ளி நுண்ணோக்கி போதும். மனு பிரகாஷும் அவர் மாணவர்களும் 2014-ல் வெளியிட்ட மடிப்புத்தாள் நுண்ணோக்கியான ஃபோல்டுஸ்கோப்பும் போதும். அது ஏறக்குறைய 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். கோரையா தேன்கூடா என்று சொல்ல அது தாராளம்.

தொட்டிக்கு விற்கும் இன்னொரு மாஸ் பேரினமான ஃபிஸ்ஸிடென்ஸை அறிய நுண்ணோக்கியும் வேண்டாம். நகை மதிப்பிடுபவர் வைத்திருக்கும் பத்து மடங்குக் கைவில்லை போதும். இலைகள் தண்டின் இரு பக்கமும் மட்டும், இறகுபோல் ஒரே தளத்தில் அடுக்கியிருக்கும். ஒவ்வோர் இலையின் அடியும் இரண்டாகப் பிளந்து, சட்டைப் பைபோல் தண்டையும் மேலிலையின் அடியையும் கவ்விக்கொண்டிருக்கும். மாஸ் உலகில் இந்த அமைப்பு இதற்கே உரியது. "ஃபீனிக்ஸ்" என்று விற்பது ஃபிஸ்ஸிடென்ஸ் ஃபான்டானஸ். நம் மலைகளிலும் ஃபிஸ்ஸிடென்ஸ் இனங்கள் ஏராளம்.

நம் மலைகள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தொட்டி மாஸ்களின் பெயர்களில் தமிழகத் தொடர்பு ஒளிந்திருக்கிறது. கிறிஸ்துமஸ் மாஸின் பெயரில் இருக்கும் மான்டேன், காமீல் மான்டேன் என்னும் பிரெஞ்சு அறிஞர். புதுச்சேரியில் வாழ்ந்த தாவரவியலர் பெரோத்தே நீலகிரியில் சேகரித்து அனுப்பிய மாஸ், லைக்கன், பூஞ்சைகளை ஆராய்ந்து 1842-ல் ஒரு பட்டியல் வெளியிட்டவர். நீலகிரியின் பூவாத் தாவரங்களைப் பற்றிய தொடக்ககால நூல்களில் அது ஒன்று. ஜாவா மாஸுக்கு முதலில் பெயர் வைத்தவர்களில் ஒருவரான ஜூல் கார்டோ, அதை வியட்நாமில் எடுத்த மாதிரியை வைத்து விவரித்தார். அதே கார்டோ தென்னிந்திய மாஸ்கள் பலவற்றுக்கும் பெயரிட்டிருக்கிறார். கொடைக்கானல் செண்பகனூரில் இருந்த இயேசு சபைப் பாதிரியார் ஜார்ஜ் ஃபோரோ பழனி மலையெங்கும் நடந்து மாஸ் சேகரித்தார். அவருடைய பழனி மலை மாஸ் பட்டியல் 1961-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வந்தது. கைவில்லையும் காகித உறையும் வைத்துக்கொண்டு செய்த வேலை அது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதியில், திருத்தணி, நகரி, நாகலாபுரம் பக்கத்து ஓடைப்பாறைகளில், அதே பொறுமையோடு உட்காரப் பிள்ளைகள் வேண்டும் என்பது என் ஆசை. பிடுங்கிக்கொண்டு வர அன்று. ஓர் இலை போதும்.

கிறிஸ்துமஸ் மாஸ் ஏன் வளரவில்லை என்ற கேள்விக்குத் திரும்புகிறேன். காரணம் தண்ணீரில் இருந்தது. அக்கா வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர். பாத்திரத்தில் வெள்ளை படியும் கடின நீர். கரியமில வாயு நீரில் கரைந்தால் அதன் ஒரு பங்கு வாயுவாகவே நிற்கும், ஒரு பங்கு பைகார்பனேட்டாக மாறும். கார அமில அளவு 6.4-ஐ ஒட்டி இருந்தால் இரண்டும் பாதிப்பாதி. 8.4 ஆனால் வாயுவாக நிற்பது நூற்றில் ஒரு பங்குதான். வேலம்பாசிபோன்ற நீர்ச்செடிகள் பைகார்பனேட்டையே உடைத்து உண்ணக் கற்றுக்கொண்டவை. மாஸ்கள் பெரும்பாலும் கற்கவில்லை, கரைந்த வாயுவை மட்டுமே எடுக்கும். ஆகவே இப்படிக் காரம் ஏறிய கடின நீரில் உணவு நிறைந்திருந்தும் அது வேறு வடிவத்தில் இருக்கிறது. மிதக்கும் ரிச்சியா பிழைத்தது அதன் மேல்முகம் காற்றைத் தொட்டுக்கொண்டிருந்ததால்.

ஜாவா மாஸ் செழித்ததற்கு இன்னொரு காரணம். அவன் அதை வடிகட்டியின் நீர் வந்து விழும் இடத்தில் கட்டியிருந்தான். எந்த இலையைச் சுற்றியும் அசையாத நீரின் மெல்லிய படலம் ஒன்று ஒட்டியிருக்கும். வாயு அதைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். நீரோட்டம் இருந்தால் அந்தப் படலம் மெலியும். கிறிஸ்துமஸ் மாஸை அவன் எதிர்மூலையில், கல்லுக்குப் பின்னால் வைத்திருந்தான்.

வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. சித்திரை, வைகாசியில் திருத்தணியில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. ஜாவா மாஸ் 30 வரை தாங்கும், அதற்குமேல் மெதுவாகும். வெசிகுலாரியாக்களுக்கு 25-ஐ ஒட்டி இருந்தால் மகிழ்ச்சி. கடைகளில் எப்போதாவது கிடைக்கும் "வில்லோ" மாஸை, அதாவது ஃபான்டினாலிஸ் ஆன்டிபைரெடிகாவை, இந்த ஊரில் முயலவே வேண்டாம். குளிர்நாட்டு ஓடையின் பிள்ளை அது. அதற்கு 1753-ல் பெயர் வைத்தவர் லின்னேயஸ். ஆன்டிபைரெடிகா என்றால் தீயைத் தடுப்பது. ஸ்வீடனில் புகைபோக்கிக்கும் மரச்சுவருக்கும் நடுவே அதைத் திணித்து வைத்துத் தீப்பிடிக்காமல் காத்தார்களாம். தீயைத் தடுத்த செடி நம் வெயிலைத் தாங்காது.

செய்ய வேண்டியது சிறியது. 2003-லிருந்து தமிழகத்தில் கட்டடம்தோறும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். அக்கா வீட்டு மாடியிலும் குழாய் இருக்கிறது. முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையின் நீரை ஒரு டிரம்மில் பிடித்து மூடிவைத்தான். வாரம் ஒருமுறை தொட்டி நீரில் கால் பங்கை எடுத்துவிட்டு அந்த மழைநீரை ஊற்றினான். கிறிஸ்துமஸ் மாஸை வடிகட்டியின் பக்கம் மாற்றினான். தொட்டியை ஜன்னலிலிருந்து நகர்த்தினான். கிளை நுனிகளில் வெளிர்பச்சை தெரிய ஒன்றரை மாதம் ஆயிற்று. மாஸ் வளர்ப்பவருக்கு ஒன்றரை மாதம் பெரிய காத்திருப்பு அல்ல.

போன முறை போயிருந்தபோது தொட்டியின் கண்ணாடியில் சின்னச் சின்னக் காகிதங்கள் ஒட்டியிருந்தான். பென்சிலால் எழுதியிருந்தது. "ஆல்கா — ஈகக்ரோபைலா." "பெரணி — லோமாரியாப்சிஸ்." "லிவர்வொர்ட் — ரிச்சியா." "மாஸ் — டாக்சிஃபில்லம், நீளச் செல், பார்த்தாச்சு." கிறிஸ்துமஸ் மாஸின் கீழே மட்டும் "மாஸ் — வெசிகுலாரியா, அகலச் செல். இனம்?" என்று கேள்விக்குறி போட்டு விட்டிருந்தான். வித்துப்பை வந்தால்தானே சொல்ல முடியும் என்றான். படித்துண்டின் மிச்சத்தை அவன் தூக்கிப் போடவில்லை. பின்கட்டில், துவைக்கும் கல்லின் பக்கச்சுவரில், குழாய்நீர் தெறிக்கும் இடத்தில் ஒரு செங்கலின் மேல் வைத்திருந்தான். நான் பார்த்த அன்று அது காய்ந்து சுருண்டு கிடந்தது. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தான்.